தவளையைக் கவ்வும் விரால் தவளையைத் தின்கிறதா?

கோலாலம்பூரில் தூண்டில் சாமான் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவர் நிறைய ரப்பர் தவளை தொங்கும். பச்சை, மஞ்சள், கறுப்பு. வாலில் ரப்பர் குஞ்சம் வைத்தது, வயிற்றுக்கடியில் சின்னத் தகடு சுழல்வது, முதுகில் கண் வரைந்தது என்று விதவிதமாக இருக்கும். எதற்கு இத்தனை என்று கேட்டால் கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “ஹாருவானுக்குத் தவளைதான் தம்பி சோறு.” ஹாருவான் என்பது விராலின் மலாய்ப் பெயர். பூச்சோங் பக்கத்து ஈயக் குட்டையிலிருந்து (பழைய ஈயச் சுரங்கக் குழியில் தேங்கிய நீர்) வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் படங்களும் இதையே சொல்லும். வாயில் ரப்பர் தவளை தொங்க ஒரு விரால், கீழே “பாத்தீங்களாண்ணே, தவளைன்னா விடாது” என்று ஒரு வரி. இந்த வாதம் மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ரப்பர் தவளைக்கு விரால் கடிக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு மீன் எதைக் கடிக்கிறது என்பது ஒரு கேள்வி, எதைத் தின்று வளர்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதுக்கும் எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

இந்த நம்பிக்கை வயலில் பிறந்தது. கெடாவிலும் தஞ்சோங் காராங்கிலும் நெல்வயல் ஓரம் வளர்ந்தவர்களுக்கு விரால் பிடிப்பது என்றால் நீளமான மூங்கில் கழி, குட்டையான நூல், முள்ளில் உயிரோடு கோத்த சின்னத் தவளை. வரப்போரப் புல்லிடுக்கில் அதைத் தொட்டுத் தொட்டு ஆட வைப்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே முறை உண்டு. வயலில் தண்ணீர் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம். அங்கே தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் குறைவில்லை. இருப்பதைத் தின்னும் மீன் அங்கே தவளையைத் தின்பதில் வியப்பில்லை. ஆனால் நாம் இப்போது தூண்டில் போடுவது வயலில் இல்லை. தெங்கில் பக்கத்து ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகள், பெஸ்தாரி ஜெயாவின் பழைய சுரங்க ஏரிகள், கெப்போங் பக்கத்து வெள்ளத் தடுப்புக் குளங்கள், இவையெல்லாம் வேறு உலகம். இங்கே திலாப்பியா குஞ்சு கொட்டிக் கிடக்கிறது. செப்பாட், செலுவாங் என்ற சின்ன மீன்கள், சின்ன இறால், தும்பிப் புழு எல்லாம் கரையோரம் முழுக்க உண்டு. தவளையும் உண்டு. தாமரை இலைமேல் உட்கார்ந்திருக்கும் பச்சை வயல்தவளையை இந்தக் குட்டைகளில் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் அது கரையையும் இலையையும் விட்டு அதிகம் நகராது, நடமாட்டமும் பெரும்பாலும் இரவில்தான்.

அப்படியானால் ரப்பர் தவளை ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? அதன் முள்ளைப் பாருங்கள். இரண்டு முள்ளும் மேல்நோக்கி, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். ஆகாயத்தாமரைக்கு நடுவே எறிந்தாலும், கங்கோங் கீரைக் கொடிமேல் இழுத்தாலும் சிக்காது. மூன்று முள் மாட்டிய ஸ்பூனை (தகட்டால் ஆன போலி இரை) அதே இடத்தில் எறிந்தால் ஒரு கூடை கீரையோடுதான் திரும்பி வரும். விரால் கிடக்கும் இடமோ அந்தக் கீரைக்கு அடியில். ஆக, புதருக்குள் நாம் அனுப்புவது தவளையை மட்டும். அப்புறம் புதருக்குள் தவளைக்குத்தான் கடிக்கிறது என்று சாட்சி சொல்கிறோம். கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு அது தவளையாகத் தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்பு நிழல், மேல்தண்ணீரில் ஒரு சலசலப்பு. காற்று குடிக்க வந்த செப்பாட் மீனும் அப்படித்தான் தெரியும், தண்ணீரில் தவறி விழுந்த எலியும் அப்படித்தான் தெரியும்.

மூச்சும் இரையும்

விரால் எங்கே, எப்போது தின்கிறது என்று புரியவேண்டுமானால் முதலில் அது எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்கவேண்டும். செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றைப் பிடித்து வைக்கும் ஓர் அறை அதற்கு இருக்கிறது. வளர்ந்த விரால் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். மேலே வரவிடாமல் வலைக்கு அடியில் அடைத்து வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஒரு மீட்டர் ஆழத்தில் இந்தப் பயணம் ஒரு வாலடி. சுரங்கக் குழியின் நடு ஆழத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவது வீண் செலவு, பறவைக்கும் பெரிய மீனுக்கும் தன்னைக் காட்டிக்கொடுப்பதும்கூட. பழைய லம்பங்களில் குழி வெட்டிய பக்கம் கரையிலிருந்து சட்டென்று இறங்கும். மணலும் சேறும் கழுவித் தள்ளிய பக்கம் தட்டையாக, ஆழமில்லாமல், செடி மண்டிக் கிடக்கும். விரால் இந்தத் தட்டைப் பக்கத்துக்காரன்.

ஆழமில்லாத பச்சைத் தண்ணீரில் விராலுக்கு ஒரு சலுகை உண்டு. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதே பாசி, சேறு, மீன் எல்லாமே அதை எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்பு தண்ணீரில் பிராணவாயு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது திலாப்பியா குஞ்சும் செலுவாங்கும் மேல்பரப்புக்கு வந்து, காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தை வாயால் இழுத்துக்கொண்டு மிதக்கும். வேகமாக ஓடத் தெம்பு இருக்காது, ஆழத்தில் ஒளியவும் வழி இருக்காது. விராலுக்கோ தண்ணீரில் பிராணவாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அது காற்றில் வாழ்கிறது. காலை ஆறரை, ஏழு மணிக்குக் கரையோரம் கேட்கும் அந்த ‘ப்ளக்’ சத்தத்தில் பாதிக்குமேல் இந்தக் கணக்குதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த நேரத்தில் அங்கே தவளைக்கு வேலை இல்லை.

விரால் துரத்திப் பிடிக்கும் மீன் இல்லை. இலையோரத்தில் அசையாமல் கிடந்து, உடம்பைச் சற்றே வளைத்து, ஒரே உந்தலில் வாயைத் திறந்து இரையைத் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். சத்தம் வருவது அந்த உறிஞ்சலில்தான். பிடித்ததை முழுதாகவே விழுங்கும், ஆகவே இரையின் நீளத்தைவிட அதன் உடம்பு அகலம்தான் கணக்கு. விரல் நீளச் செலுவாங் சுலபமாக இறங்கும். அதே நீளத் திலாப்பியா தட்டையும் அகலமும் முதுகில் முள்ளுமாக இருப்பதால் தலைப்பக்கம் திருப்பி, முள் மடங்கினால்தான் தொண்டைக்குள் போகும். விராலின் பெரிய சொந்தக்காரனான தோமான் வேறு மாதிரி. அது திறந்த தண்ணீரில் சுற்றி வரும், இளசாக இருக்கையில் கூட்டமாக வேட்டையாடும், ஒரு மீட்டருக்குமேல் வளரும். மேல்பரப்பில் தோமான் புரளுவதைப் பார்த்ததும் “சாப்பிடுதுடா” என்று கத்துகிறவர்கள் அநேகம். அதில் பெரும்பகுதி வெறும் மூச்சு. காற்று குடித்துவிட்டு இறங்கும்போது எதிரே எதையாவது கண்டால் கடிக்கும், அதனால்தான் புரண்ட இடத்தில் எறியாமல் தலை போகும் திசையில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் எறியச் சொல்கிறார்கள். அந்த உத்தி சரி, அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு.

கடித்ததெல்லாம் பசி அல்ல

தவளைக் கட்சியின் மிகப் பெரிய சாட்சி, குஞ்சுத் திரள்மேல் விழும் அடி. விரால் ஜோடி செடியைக் கடித்து விலக்கி ஒரு முறம் அகலத்துக்கு வட்டமாக இடம் செய்யும். முட்டை தேன் நிறத்தில், எண்ணெய்த்துளி உள்ளதால் மிதக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு சில வாரங்கள் செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாகவே சுற்றும். மூச்சுக்காக ஒன்றாக மேலே வரும்போது அந்த இடம் மட்டும் உலை கொதிப்பதுபோல் பொங்கும். அப்பனும் ஆத்தாளும் கீழே நிற்கும். தோமான் குஞ்சு இன்னும் பளீரென்ற சிவப்பு, கொஞ்சம் வளர்ந்ததும் உடம்பில் கறுப்புக் கோடு விழும். அலங்கார மீன் கடையில் அழகாக இருக்கிறதென்று வாங்கிப்போய், தொட்டியிலிருந்த மற்ற மீனெல்லாம் காணாமல் போன பிறகு ராத்திரியோடு ராத்திரியாகப் பூங்கா ஏரியில் கொட்டுவதும் இதைத்தான்.

அந்தக் கொதிப்பின் நடுவே எது விழுந்தாலும் பெற்ற மீன் அடிக்கும். தவளை, ஸ்பூன், பென்சில் லூர், காய்ந்த குச்சி, எதுவானாலும் சரி. இந்த அடிக்கும் பசிக் கடிக்கும் வித்தியாசம் கையில் தெரியும். பசிக் கடியில் மீன் பின்னாலேயே வரும், சற்றுத் தயங்கும், பிறகு ‘ப்ளக்’. முள் உள்வாயில், சில சமயம் தொண்டை ஓரத்தில் இருக்கும். கவ்விய உடனே புதருக்குள் திரும்பப் பார்க்கும். காவல் அடியில் தயக்கமே இருக்காது. விழுந்த மாத்திரத்தில் மோதும், சில நேரம் வாய் திறக்காமலே தலையால் முட்டும், தவறினால் மறுபடி மறுபடி வரும், ஒன்று போனால் ஜோடியில் மற்றது வரும். முள் பெரும்பாலும் உதட்டுக்கு வெளியே, தாடையோரம் குத்தியிருக்கும். ஒரே இடத்தில் மூன்று முறை அடித்தும் மாட்டவில்லை என்றால் முள் மொட்டை என்று திட்டாதீர்கள், கீழே குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். காவலில் இருக்கும் மீன் இரை தேடி விலகிப் போவதும் குறைவு. ஆக, ‘தவளைக்கு வெறிகொண்டு கடித்தது’ என்று படம் போடும் பல மீன்கள் அந்த வாரம் சரியாகச் சாப்பிடாத மீன்கள்.

ஜோடி இரண்டையும் தூக்கிவிட்டால் குஞ்சுக்கு நாதி இல்லை. இதுவரை கிட்டே வராமல் நின்ற திலாப்பியாவும் செப்பாடும் வந்து மொய்த்துவிடும். குஞ்சுத் திரளைக் கண்டால் அந்தப் பக்கம் எறியாமல் நகர்ந்துவிடுவதே சரி என்பது என் கட்சி. “புடிச்சிட்டு விட்டுடுவோம்லா” என்பார்கள். விடும்வரை ஆகும் நேரமே குஞ்சுக்கு அதிகம்.

வயிற்றைக் கிழித்துப் பார்த்தால்

இந்த வழக்கைத் தீர்க்கிற சாட்சி ஒன்றுதான், மீனின் வயிறு. அதை நாம் பார்க்காமலே குப்பையில் போடுகிறோம். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு, பிள்ளை பெற்றவளுக்கு என்று விரால் வாங்கிச் சூப்பு வைக்காத வீடு இந்த ஊரில் குறைவு. ஆனால் சந்தையில் கிடைக்கும் விரால் பெரும்பாலும் வளர்ப்பு மீன். அதன் வயிற்றில் இருப்பது பண்ணைக்காரர் போட்டதுதான், அதைக் கிழித்துப் பார்த்து ஏரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குட்டையில் பிடித்து, சாப்பாட்டுக்கென்று எடுத்துவந்த மீன்தான் வேண்டும். அதிலும் எப்படிப் பிடித்தது என்பது முக்கியம். உயிர் இரை போட்டுப் பிடித்தால் வயிற்றில் நாம் போட்ட இரையே இருக்கும். பூபு என்ற பொறிக்கூண்டில் விழுந்த மீன் உள்ளே அகப்பட்ட மற்ற மீனைத் தின்றிருக்கும். ரப்பரிலும் ஸ்பூனிலும் மாட்டியதும், வலையில் உடனே எடுத்ததும் நம்பலாம்.

கரைக்கு வந்ததும் உயிரோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாதி சாட்சி போய்விடும். மீன் கலவரத்தில் கக்கும், கக்காவிட்டால் வழியெல்லாம் செரித்துக்கொண்டே வரும். நம் ஊர்த் தண்ணீரின் சூட்டில் செரிமானம் வேகமானது. தலையில் அடித்து உடனே கொன்று, ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த பெட்டியில் முக்குங்கள். வெறும் ஐஸைவிட இது சீக்கிரம் குளிர வைக்கும். பெட்டித் தண்ணீரில் ஏதாவது கக்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

கத்தரிக்கோலை மலவாயில் நுழைத்து, மொட்டை முனை உள்ளே இருக்குமாறு, தோல் மட்டும் வெட்டுப்படும்படி செவுள் வரை கொண்டுபோங்கள். தொண்டையிலிருந்து பின்னால் நீளமாக, தடித்த சுவரோடு ஒரு பை தெரியும். அது குடலோடு சேரும் இடத்தில் விரல்போல் இரண்டு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இரண்டைக் கண்டால் இரைப்பை அங்கே முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொண்டைப் பக்கம் நூலால் ஒரு முடிச்சு, பிறகு இரு முனையையும் வெட்டி எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்து நீளவாக்கில் கீறி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலைத்துவிடுங்கள். பல வயிறு காலியாக இருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். மீன் தின்னும் மீன்களுக்கு அதுதான் வழக்கம். ஒரு பெரிய இரை, பிறகு நெடுநேரம் ஓய்வு.

காலியாக இல்லாத வயிற்றில் முழு மீன் கிடைத்தால் கேள்வியே இல்லை. அரைகுறையாகக் கிடைத்தால் எலும்பைப் படிக்கவேண்டும். மீனின் முதுகெலும்பு மணி ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் குழிந்து நடுவில் ஒடுங்கியிருக்கும். கண்ணாடிபோல் பெரிய செதில் என்றால் பெரும்பாலும் திலாப்பியா. நெஞ்சுக்குக் கீழிருந்து நூல்போல நீண்ட துடுப்பு என்றால் செப்பாட். இறால் செரித்துப்போனாலும் தலையின் ரம்பமூக்கும் சிவந்த ஓட்டுத் துணுக்கும் மிஞ்சும். தும்பிப் புழுவின் தலை அப்படியே இருக்கும், அதன் மடங்கிய கீழுதடு முகமூடிபோல் தனியாகக்கூடக் கிடைக்கும். தவளை என்றால் நீளமான தொடை, கெண்டைக்கால் எலும்பு, இடுப்புக்கு நடுவில் ஒற்றைக் குச்சிபோல ஓர் எலும்பு. இதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

தவளை வாதம் உடைவது இந்தத் தட்டில்தான். மண்புழு, தலைப்பிரட்டை, புழு பூச்சியின் மெல்லிய உடம்பு எல்லாம் வயிற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் அவற்றைக் குறைவாகவே கணக்கிடுவோம். கெட்டியான எலும்பு நின்று கரையும், அதை உள்ளதைவிட அதிகமாகவே கணக்கிடுவோம். தவளைக் கால் எலும்பு கெட்டியான பொருள். விரால் உண்மையிலேயே தவளையைத் தின்று வாழ்ந்தால், இந்தச் சோதனையின் குறையே தவளைக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யவேண்டும், திறக்கும் வயிறெல்லாம் கால் எலும்பாக இருக்கவேண்டும். ஆனால் வளர்ந்த விராலின் தீனியில் முதலிடம் சின்ன மீனுக்கு, அடுத்து இறாலும் பூச்சியும், தவளை இடையிடையே. குஞ்சாக இருக்கையில் இன்னும் வேறு. முதலில் நுண்ணுயிர் மிதவை, பிறகு பூச்சிப் புழு, அப்புறம்தான் மீன். அந்த மீனில் கொஞ்சம் பிந்தி வளர்ந்த தன் கூடப்பிறப்பும் அடக்கம். பண்ணைக்காரர்கள் அளவு பார்த்துப் பிரித்துப் பிரித்துத் தொட்டி மாற்றுவது இதனால்தான்.

பீக்காக் பாஸ் பக்கத்து வீட்டுக்கு வந்தால்

தவளையோ மீனோ, எதைத் தின்றால் நமக்கென்ன என்று கேட்கலாம். தவளைக் கட்சியில் இருப்பவர்களே “பீக்காக் பாஸ் விட்டா என்ன, அது மீன் திங்கும், ஹாருவான் தவளை திங்கும், சண்டையே இல்ல” என்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் ஈயக் குட்டைகளில் குடியேறிவிட்ட இந்த மீன் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. இரவில் ஓய்ந்துவிடும், கலங்கல் தண்ணீரில் தடுமாறும். விரால் அந்தியிலும் இருட்டிலும் கலங்கலிலும் அதிர்வை வைத்தே பிடிக்கும். வேளை வேறு என்பது உண்மைதான், ஆனால் இரண்டும் கைவைப்பது ஒரே பானையில்: கரையோரச் சின்ன மீன்.

பனாமாவின் காத்தூன் ஏரியில் 1967 வாக்கில் இந்த மீன் தப்பி நுழைந்தது. ஜாரெட், பெய்ன் என்ற இரு சூழலியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை சாதாரணமாகக் கிடைத்த 8 வகை மீனில் 6 வகை அது பரவிய பகுதிகளில் இல்லாமல் போயிருந்தன. அந்த ஏரி நம் குட்டை அல்ல, அங்கே விராலும் கிடையாது. ஆனாலும் மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரியும் சின்ன மீனைப் பகல் முழுக்க ஒரு வாய் அள்ளினால் என்ன மிஞ்சும் என்பதற்கு அது போதும். விடியற்காலையில் விரால் நம்பியிருக்கும் இரை அதுவேதான். திலாப்பியா இருக்கும்வரை இங்கே பட்டினி வராது என்று வாதாடலாம், அது ஓரளவு சரிதான். செலுவாங்குக்கும் செப்பாட்டுக்கும் அந்த ஆறுதல் கிடையாது.

தூண்டில்காரருக்கு இதில் கைமேல் பலன் உண்டு. விடியலில் இலையோரம் 5 முதல் 7 செ.மீ. வரை மெல்லிய வெள்ளி ஸ்பூன், ஒற்றை முள், புல் தடுக்கும் கம்பியோடு. மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே மெதுவாக, இடையிடையே நிறுத்தி இழுங்கள். கடித்த உடனே கழியைச் சுண்டலாம். மாலை மழை கொட்டி லொங்காங் (வடிகால்) வாயில் செம்மண் தண்ணீர் இறங்கும்போது பீக்காக் பாஸை மறந்துவிடுங்கள். அங்கே தகடு சுழன்று அதிரும் ஸ்பின்னர்பெய்ட் போட்டால் விரால் கண்ணால் காணாமலே கண்டுபிடிக்கும். பச்சைப் பாசிக் குளத்தில் பெருமழை அடிச்சேற்றைக் கிளறிவிட்டால் சின்ன மீன் செத்து மிதக்கும், அன்று வயிறு நிறைந்த விரால் எதையும் சட்டை செய்யாது. செடி அடர்ந்த இடத்துக்கு ரப்பர் தவளைதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல் கட்டுங்கள். தவளையில் மட்டும் சத்தம் கேட்டதும் சுண்டாமல், நூல் நகர்ந்து பாரம் தெரியும்வரை ஒரு நொடி, இரண்டு நொடி பொறுக்கவேண்டும். மீன் தலையைத் திருப்பி, வாயால் அந்த உடம்பை நசுக்கினால்தான் முள் வெளியே வரும். பதறிச் சுண்டினால் தவளை மட்டும் பறந்துவரும்.

சாப்பாட்டுக்கு எடுப்பவர்கள் சுற்றியுள்ள வடிகாலையும் ஒருமுறை பாருங்கள். இரைமீன் தின்னும் மீனின் உடம்பில் பாதரசம்போன்ற உலோகம் சேர்ந்துகொண்டே போகும், மீன் பெரிதாகப் பெரிதாக அது கூடும். தொழிற்பேட்டைத் தண்ணீர் கலக்கும் குளத்து மீனைப் புண் ஆற்ற என்று நோயாளிக்குச் சமைத்துக் கொடுக்கவேண்டாம். தோமான் கடித்துத் துண்டித்த மெத்து ரப்பர் வாலைத் தண்ணீரில் வீசாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதை எடுத்து விழுங்கும் மீனின் வயிற்றில் அது செரிக்காமலே கிடக்கும்.